இன்ஜினுக்கு மத்தியான இருமல்

என் மாமாவுக்குப் பெண் தேடுவது வீண்வேலை என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு இருந்தது. அவர்தான் ஏற்கெனவே ஒரு நீராவி இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறாரே என்பார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி. அனுமந்தன்பட்டியில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். மலைக்கு மேலே அணை கட்டத் தொடங்கிய காலத்தில், ரயிலில் வந்திறங்கிய அந்த இன்ஜினை இழுத்துவர ஊர் ஊராக மாடு பிடித்தார்கள். சக்கரமெல்லாம் வைத்திருந்தார்களே தவிர, தானாக நகர அதற்குத் தெரியாது. மாமாவின் மாடுகளும் சேர்ந்துதான் அதை மலையடிவாரத்துக்கு இழுத்துவந்தன. மாடுகள் ஊருக்குத் திரும்பின, மாமா திரும்பவில்லை. விறகு போடுகிற ஆளாக ஒட்டிக்கொண்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, கடைசியில் அதை ஓட்டவே பழகிக்கொண்டார்.

இன்றைக்கு லோயர் கேம்ப் என்கிறார்களே, அந்த இடத்தில்தான் எங்கள் குடிசை இருந்தது. அப்பா மலைமேல் கல் உடைக்கப் போனவர், சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். மற்ற நாட்களில் அம்மாவும் நானும் மாமாவும் மட்டும்தான். அணைக்கு வேண்டிய செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைக்கிற ஆலை ஒன்று அங்கே இருந்தது. ஒரு நீளமான தோல்வார் மாட்டி, மாமாவின் இன்ஜின் அதைச் சுற்றும். பகலில் அதன் சத்தத்தில் நான் தூங்கப் பழகிக்கொண்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பகல் தூக்கம் வராது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் பிறந்த வாரத்தில் இன்ஜினுக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. ஆற்றுத் தண்ணீரைப் புதிதாக நிரப்பி, நெருப்பு மூட்டினால் மத்தியானம் வரை சொன்னபடி கேட்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் நிறுத்துவார்கள். நெருப்பு கனிந்துகொண்டேதான் இருக்கும், பாய்லரில் சூடும் குறையாது. ஆனால் எல்லாரும் சாப்பிட்டு வந்த பிறகு மறுபடி ஓட்டினால் போதும், வந்துவிடும் இருமல். பெரிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி வெட்டி இழுக்கும். உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் டம் டம் என்று கேட்கும். புகைபோக்கி புகையை விட்டுவிட்டு வெந்நீரைத் துப்பும். கீழே நிற்பவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சாயங்காலம் வரை அப்படியே விக்கி விக்கித்தான் ஓடும்.

அடுத்த வாரம் பிறந்ததும் ஓவர்சியர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சனிக்கிழமைக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா மதுரையிலிருந்து ஆள் வருவான். நீ பழையபடி மாட்டுக்கே போயிடலாம்” என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவர் புலம்பவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மனுஷர் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு அந்த இருமலுக்குக் காரணம் தேட இறங்கியவர்தான், பிறகு வேறு நினைப்பே இல்லை. சாப்பிடும்போதும் விரல் தரையில் குழாய்களை வரைந்துகொண்டிருக்கும்.

நின்ற நேரத்தில், நீராவி போய்த் தள்ளுகிற உருளைக்குள் தண்ணீர் தங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தார். உருளைக்கு அடியிலிருந்த சின்னக் குழாய்களைத் திறந்து, நன்றாக வடித்துவிட்டு ஓட்டினார். இருமியது. மத்தியானம் போடுகிற விறகு ஈரம் என்று நினைத்து, வேறு விறகு போட்டார். அதற்கும் இருமியது. ஆலையின் பாரம் தாங்கவில்லையோ என்று தோல்வாரைக் கழற்றிப்போட்டு வெறுமனே ஓடவிட்டார். சும்மா ஓடச் சொன்னதற்கே அது உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நின்றது. இன்ஜினைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது, மாமாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இதற்கு நடுவே எனக்கும் மாமாவுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. தபசின் முதல் நாளான விபூதிப் புதனன்று ஊருக்குப் போய்க் கோவிலில் பூசை கண்டோம். உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். இருக்கிறவர்கள் ஊருக்குக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். முதலாவதை அம்மா பிடித்துக்கொண்டாள், இரண்டாவதை மாமா பிடித்துக்கொண்டார். நெருப்புக்கு முன்னால் நிற்கிற உடம்பாயிற்றே என்று அம்மா தினமும் அவருக்கென்று அரிசிக் கஞ்சி காய்ச்சி, கலயத்தில் ஊற்றி, மத்தியானம் என்னிடம் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் அரிசி அப்போது லேசில் கண்ணில் படாது. அம்மாவும் நானும் கம்மங்கூழ்தான் குடிப்போம். மாமாவோ யாருக்கும் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டை விட்டிருந்தார்.

“ஆத்தா, அக்காகிட்டச் சொல்லீராத. நேந்துக்கிட்டது. சொன்னா பலிக்காது” என்றார் முதல் நாளே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமிக்கும் மாமாவுக்கும் அடுத்தபடியாக எனக்குத்தானே தெரியும்.

கஞ்சியை என்ன செய்வது? பக்கத்தில் யாருக்காவது கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். தரையில் கொட்ட மாடு வளர்த்தவருக்குக் கை வராது. மிஞ்சிய கஞ்சி தொட்டிக்குத்தான் போக வேண்டும், அதை மாடு குடிக்க வேண்டும் என்பது மாட்டுக்காரர் வீட்டுப் பழக்கம். இன்ஜினுக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கல்தொட்டி இருந்தது. மாமா கலயத்தை அதில் கவிழ்ப்பார். அலசிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றுவார், கையால் ஒரு கலக்கும் கலக்குவார், மாட்டுக்குக் கலக்குகிற மாதிரியே. கை தன்பாட்டில் செய்துகொண்டிருக்க, புத்தி முழுவதும் இன்ஜினுக்குள் கிடந்தது. அந்தத் தொட்டியில் குடிக்க மாடு எதுவும் இல்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மாமா ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஆலையாட்கள் சாப்பிடப் போன பிறகும் இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே நின்றார். கலயத்தை வாங்கக்கூட அவர் கை ஒழியவில்லை.

“நீயே குடிச்சிரு ஆத்தா” என்றார்.

அரிசிக் கஞ்சி! உப்புப் போட்டு, அளவாகக் குழைந்து, தொண்டையில் தானாக இறங்கியது. அன்று சாயங்காலம் வரை இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். நிறுத்துவதுதான் அதற்கு ஆகவில்லை, சூட்டோடு நின்றால் ஏதோ ஒன்று உள்ளே கோளாறாகிறது என்று கண்டுபிடித்துவிட்டாராம். ஓவர்சியரிடம் ஓடினார். இனிமேல் மத்தியானம் நிறுத்தவே கூடாது என்றார்.

“இன்ஜினுக்குப் பசிக்காது. அரைக்கிற ஆளுக்குப் பசிக்குமில்ல? சூட்டோட நிறுத்தி, சூட்டோட ஓட்டிக் காட்டு. அதான் வேலை” என்று ஓவர்சியர் திருப்பியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை நிறுத்தினார். கஞ்சி தொட்டிக்குப் போயிற்று. இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமியது.

சனிக்கிழமை காலையில் மாமா சட்டையை மாட்டியபோது அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. கலயம் தினமும் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பிவருகிறது, தம்பியோ தேய்ந்துகொண்டே போகிறான். அம்மாவுக்கு இன்ஜினைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு அவள் கஞ்சி எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். மத்தியானம் வழக்கம்போல் என்னிடம் கலயத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மாமா பாதிக் கஞ்சியை ஊற்றியிருந்தார்.

“ஏலே!” என்று ஒரு சத்தம்.

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. அம்மா திட்டப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் திட்டவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். தண்ணீர் வெள்ளையாக விரலிடுக்கில் வடிந்தது.

“இங்கன மாடு ஒண்ணையும் காணோம். இந்தத் தண்ணி எங்கன போகுது?”

“பாய்லருக்குத்தான்க்கா. மணியடிச்சதும் பம்பு போட்டு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எனக்கே தெரியும். பாய்லருக்குள்ளும் அதுதான் நடந்திருக்கிறது. நுரைத்துப் பொங்கிய தண்ணீர் நீராவியோடு சேர்ந்து உருளைக்குள் புகுந்து, உள்ளே டம் டம் என்று இடித்து, புகைபோக்கி வழியாக வெளியே வந்திருக்கிறது. வியாழக்கிழமை அது இருமாததற்குக் காரணம், அன்றைக்குக் கஞ்சியை நான் குடித்ததுதான்.

மாமா தலையில் அடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அதற்கெல்லாம் அவருக்கு நேரமில்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறதெல்லாம் போகட்டும் என்று நெருப்பை வெளியே இழுத்துப்போட்டார். நீராவியை இறக்கி, பாய்லரைக் காலி செய்தார். தொட்டித் தண்ணீரை இறைத்துக்கொட்டி, மணல் போட்டுத் தேய்த்தார். அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்தாள். குடத்தைத் தூக்க அவள் குனிந்தபோது மட்டும் மாமா கத்திவிட்டார், “நீ தூக்காதக்கா!” என்று. ஆலையாட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்சியர் வந்து குதித்தார்.

“பொழுது சாயிறதுக்குள்ள ஓட்டிக் காட்டுறேங்கய்யா. அதுக்கப்புறம் மதுரை ஆளை வரச் சொல்லுங்க” என்றார் மாமா, நிமிர்ந்து பார்க்காமலே.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது நீராவி வந்தது. ஓட்டினார். ஓடியது. நல்ல சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். ஆட்கள் ஒரு சாப்பாடு சாப்பிட்டு எழுகிற நேரம் காத்திருந்து, தொட்டித் தண்ணீரை ஏற்றி மறுபடி ஓட்டினார். அம்மா என் தோளை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் ஒரு சுற்று முழுதாக வந்தது. இன்னொரு சுற்று வந்தது. பிறகு எண்ண முடியாத வேகத்தில், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் குதித்தேன். மாமா அப்போதும் நம்பவில்லை. இன்னொரு தடவை நிறுத்தி, இன்னொரு தடவை ஓட்டிய பிறகுதான் கையைத் துடைத்தார்.

“என்னய்யா கோளாறு?” என்றார் ஓவர்சியர்.

“தண்ணி சரியில்லைங்கய்யா. இனிமே நான் பாத்துக்கிறேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாமாவின் வேலை தப்பியது. எல்லாரும் போன பிறகு, அப்பா மலையிறங்கி வருவதற்குள், மூவரும் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மிச்சப் பாதிக் கஞ்சியோடு கலயம் அங்கேயே இருந்தது.

“என் பங்கு அரிசிடா அது. ஒனக்குன்னு ஒதுக்கி, நான் கூழைக் குடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அப்படி யாருக்குடா ஒருசந்தி?” என்றாள் அம்மா.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒனக்குத்தான்க்கா. இவளுக்குப் பின்னாடி வந்த ரெண்டும் தங்கலை. இதாவது தங்கணும்னு நேந்துக்கிட்டேன்.”

அம்மா அழத் தொடங்கினாள். இன்ஜின் சரியான நாளில் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. கொட்டிப்போன அரிசிக்காகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

“அழாதம்மா. கீழயா கொட்டுச்சு? இன்ஜின்தான குடிச்சுச்சு” என்றேன்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பசிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். மற்றொரு கையால் கலயத்தை இழுத்து, அவள் வாயருகே கொண்டுபோனேன்.