கொழுப்பெடுத்த சக்கரம்

கிளச் எரியும்போது ஒரு நாற்றம் வரும். தீய்ந்த வெந்தயமும் கருகிய காகிதமும் கலந்தது போல. கோட்டூர்புரம் பாலத்து ஏற்றத்தில் அது முதல்முதலாக மூக்கில் ஏறியபோது எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இனி எப்படியும் கிளச்சைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்ததைப் பழையபடியே மாட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மந்தைவெளியில் மாமியாரோடு நானும் என் கணவரும் இருந்தோம். வண்டி சின்னது, சிவப்பு, இரண்டே கதவு. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒடித்த பக்கம் ஓடும். வாங்கியவர் அவர், அதைக் காதலித்தது நான். விடிகாலைக் கடற்கரைச் சாலையில் மூன்றாம் கியரை இழுத்துப் பிடிக்கும்போது உடம்பில் ஓடும் அந்த ஒரு நடுக்கத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் பெண்களுக்கென்று ஒரு கார் ஓட்டம் வைத்திருந்தார்கள். பெயர் கொடுத்திருந்தேன். அதற்குமுன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை, நான் எழுதும் கவிதைக்குக்கூட. மாமியார் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை.

"ஓட்டிக்கோ, யார் வேண்டாம்னா? ஆனா வண்டிக்குப் புதுசா என்ன மாட்டினாலும் பிள்ளையாருக்கு ஒரு பூஜை போட்டுட்டுதான் எடுக்கணும்."

சரி என்றேன். அதிலென்ன கஷ்டம்?

பறக்கும் ரயிலுக்கு எழும்பிக்கொண்டிருந்த தூண்களுக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் கொட்டகை. கியர்பாக்ஸை இறக்கி, கிளச் பிளேட்டை வெளியே எடுத்து எங்கள் முன்னால் போட்டார்.

"அப்பளம் ஆயிட்ச்சு சார். இன்னா, பாலத்துல நிக்க வெச்சு வறுத்தீங்களா?"

"நான் இல்ல. இவதான்."

"அதான பார்த்தேன். சாருக்கு இந்த ஸ்பீடு வராது." பிளேட்டுக்குப் பின்னால் இருந்த கனத்த இரும்புச் சக்கரத்தை விரலால் தட்டினார். "இத்தப் பாருங்க மேடம், ஃப்ளைவீலு. எம்மாங் கொழுப்பு கீது! லேத்துல குட்து கொழுப்ப எடுத்துட்டோம்னா, வண்டி சும்மா பிச்சிக்கினு பூடும்."

எஞ்சினின் வாலில் சுழலும் சக்கரம் அது. சுழற்சியைத் தன் கனத்தில் சேமித்து வைத்துக்கொள்ளும். நாம் மிதித்தாலும் விட்டாலும் அவசரப்படாது. குடும்பஸ்தச் சக்கரம். அதன் விளிம்பைக் கடைந்து இளைக்க வைத்தால் எஞ்சின் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும்.

"மெதுவா எடுத்தா ஆஃப் ஆயிடாதா?" என்றார் கணவர்.

"ஆவும் சார். கால்ல உசுரு இருந்தா ஆவாது. மேடம் கால்ல உசுரு கீது."

இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எதுவும் ஈடாகாது.

பிளேட் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் மூன்றை வரிசையாக வைத்தார். வண்டியோடு வருகிற சாதாரணப் பிளேட் ஒன்று. அதேபோல, ஆனால் கெட்டியான ஸ்பிரிங் போட்டது இன்னொன்று. மூன்றாவது வட்டமாகவே இல்லை. நான்கே இதழ் விரிந்த செம்புப் பூ. அது வழுக்காது, கெஞ்சாது. கவ்வினால் கவ்வியதுதான்.

"யாரு ஓட்டற வண்டி சார்?"

"அவங்கதான்."

"அப்ப இந்த சாஃப்ட் பிளேட்டே போதும் சார். லேடீஸ் கால் வலிக்காது."

என் கை செம்புப் பூவின் மேல் போய்விட்டது.

"நடுவுல இருக்கறத வாங்கலாமே," என்றார் கணவர் தாழ்ந்த குரலில். "ரேஸுக்கும் ஆச்சு, ரங்கநாதன் தெருவுக்கும் ஆச்சு."

"ரங்கநாதன் தெருவுக்கு நான் நடந்தே போய்க்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். வாங்கிவிட்டோம். சக்கரத்தையும் லேத்தில் கொடுத்தோம். கடைசலில் இரும்பு சுருள் சுருளாக, நீலம் பாரித்து விழுந்தது. எவ்வளவு எடுக்கணும் என்று மெக்கானிக் கேட்டபோது எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றேன். நடு என்ற ஒன்று என் கண்ணுக்கு அப்போது தெரியவே இல்லை.

ராஜா அண்ணாமலைபுரத்து அமைதியான தெருக்களில் ஓட்டிப் பழகினேன். முதல் நாள் வண்டி முனைக்கு முனை செத்தது. பிறகு பிடிபட்டது: தயங்கக் கூடாது. உறும விட்டுத்தான் கிளச்சை விட வேண்டும். அதன்பின் ஐயோ, அந்த வண்டி! கால் நினைத்து முடிப்பதற்குள் எஞ்சின் கேட்டுவிடும். ஒரு சொல் வாயில் வருவதற்கு முன்பே கவிதையாகிவிட்ட மாதிரி.

ஓட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, மயிலாப்பூரில் தெருமுனைப் பிள்ளையார் கோயில். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம், நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரம் காட்டினார். மாமியார் கைகூப்பியபடி நின்றார். கணவர் பக்கத்து இருக்கையில்.

"நன்னா வேண்டிண்டு மெதுவா எடுங்கோ," என்றார் குருக்கள்.

மெதுவாக.

சாமி சன்னதிக்கு நேரெதிரே எஞ்சினை எப்படி உறும விடுவது? கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல அவ்வளவு பதமாகக் கிளச்சை விட்டேன். செம்புப் பூ கவ்வியது. கனமில்லாத சக்கரத்தில் வண்டியைத் தள்ளிவிடச் சேமித்த சுழற்சி எதுவுமில்லை. வண்டி ஒரு குதி குதித்துச் செத்தது. முன் டயரின் பழம் நசுங்காமல் பிதுங்கி, உருண்டு உருண்டு போய் மாமியாரின் காலருகே நின்றது. மஞ்சள் மாறாமல், முழுசாக.

பூக்காரி மட்டும் சிரித்தாள். "இன்னாம்மா, பழம் தப்பிச்சுக்கினு ஓடுது!"

மறுபடி ஸ்டார்ட் செய்தேன், உறும விட்டேன், மிச்சப் பழங்கள் நசுங்கின. ஆனால் எல்லோரும் பார்த்தது அந்த ஒரு பழத்தைத்தான்.

"அம்மா, அது சகுனம் இல்ல. சக்கரத்துல வெயிட் கொறச்சிருக்கு, அதான் ஆஃப் ஆயிடுத்து," என்று கணவர் வீட்டுக்கு வந்து காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மாமியார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. உன் மனசுல ஒண்ணும் தோணலைன்னா, போயிட்டு வா."

சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் எனக்குத் தோன்றிவிட்டது. சக்கரத்தின் கணக்கு முழுக்கத் தெரிந்த எனக்கே, அந்தப் பழம் உருண்ட சத்தமில்லாத சத்தம் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் வளைவில் அது ஞாபகம் வந்தால்? தயங்கினால் சாகும் வண்டி அது.

"இந்தத் தடவை வேண்டாம்மா," என்றேன்.

ஞாயிறு மத்தியானம் வாழைக்காய் வறுவல். ரேடியோவில் ஏதோ பாட்டு. மெக்கானிக் திங்கட்கிழமை வந்து வாசலில் நின்று கேட்டார்: "இன்னா மேடம், கப்பு எங்க?"

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. மறுவருஷம் பெண்களுக்கான ஓட்டம் வைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் எனக்கு வயிற்றில் ஏழு மாதம். குழந்தை பிறந்ததும் நான்கு கதவு வண்டி தேவைப்பட்டது. சிக்னலுக்கு சிக்னல் சாகிற சிவப்பு வண்டியை யார் வாங்குவார்கள்? கடைந்த இரும்பு திரும்பி வராது. மெக்கானிக் புதுப்பேட்டையில் ஒரு பழைய கனத்த சக்கரம் பார்த்து மாட்டி, அதன்மேல் அந்த சாஃப்ட் பிளேட்டையும் போட்டுக் கொடுத்தார். கடைசியாக ஒருமுறை ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் சாகவில்லை. பசுமாடு மாதிரிப் போயிற்று.

கழற்றிய சக்கரம் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வீட்டுக்கு வந்தது. கட்டிலடியில் வைத்தேன். கோடையில் ஒரு நாள் மொட்டைமாடிக்குப் போனபோது, மாமியார் வடாம் பிழிந்த வேட்டியின் ஒரு மூலையில் அதை வைத்திருந்தார். கடற்காற்று மற்ற மூன்று மூலைகளின் கற்களையும் அசைத்துக்கொண்டிருந்தது.

"கட்டிலுக்கு அடில கெடந்துதுடி. எதோடது இது?"

"வண்டியோடதும்மா."

"நன்னா கனமா இருக்கு," என்றார். "துணி துளிக்கூட அசையல பாரேன்."