இருநூறு கிராம் சாமை மாவு

சங்கராபுரத்தில் எங்கள் மகளிர் குழுவுக்குப் பிஸ்கட் செய்யும் பயிற்சி நடந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை களையெடுப்பும் நாற்று நடவும்தான் என் வேலை. குழுவில் பதினோரு பேர். அதில் நாலு பேர் கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சாமை அவர்கள் விளைவித்தது, பிஸ்கட்டின் அளவும் அவர்களில் ஒருத்தி சொன்னதுதான். சாமை மாவு ரெண்டு டம்ளர், நாட்டுச் சர்க்கரை ஒரு டம்ளர், நெய் அரை டம்ளர். வீட்டு அடுப்பில் சுட்டுப் பார்த்திருந்தோம். வாயில் போட்டதும் கரைந்தது.

பயிற்சி கொடுக்க வந்த சார், "கடைக்குப் போற சரக்குக்கு டம்ளர் கணக்கு ஆவாதும்மா, கிராம் வேணும்" என்றார். அது நியாயம்தான். எங்கள் டம்ளரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் 200 மில்லி என்று பொறித்திருந்தது. பலகையில், மாவு நானூறு கிராம், சர்க்கரை இருநூறு, நெய் நூறு என்று எழுதிவிட்டார்.

அன்று பிசைந்தது நான். எவ்வளவு பிசைந்தும் மாவு சேரவில்லை. உருட்டினால் உதிர்ந்தது. அப்படியே அடுப்பில் வைத்து எடுத்தோம், தட்டில் வெறும் தூள்.

"களை புடுங்கற கைக்கு இதெல்லாம் வராது" என்றார் சார். சிலர் சிரித்தார்கள். நான் தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"கையில ஒண்ணும் தப்பு இல்லீங்க. உங்க கணக்குதான் தப்பு."

"இன்னாம்மா தப்பு? இரு" என்று டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துத் தராசில் வைத்தார். டம்ளரின் எடை போக இருநூறு காட்டியது. "பாத்தியா?"

"நாம இன்னா தண்ணியிலயா பிஸ்கட் சுடறோம்? மாவ வச்சிப் பாருங்க."

அவர் வைக்கவில்லை. நானே டம்ளரைத் துடைத்துச் சாமை மாவைத் தளர அள்ளி, தலை தட்டி வைத்தேன். நூற்றுப் பத்து. மறுபடி அள்ளினேன், நூற்றுப் பன்னிரண்டு.

"பலகையில இருக்கற மாதிரி செய்யுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

நான் சாப்பிடப் போகவில்லை. அளவு சொன்ன அந்த மலைக்காரப் பெண்ணும் என்னோடு இருந்தாள். "யக்கா, மாவ அமுக்கி அள்ளினா ஜாஸ்தி காட்டுது பாரு" என்றாள். ஆமாம், காட்டியது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி அள்ளி மூன்று முறை நிறுத்தோம். சர்க்கரை நூற்றறுபதுக்குப் பக்கம் வந்தது. நெய்யை உருக்கி அரை டம்ளர் ஊற்றினால் தொண்ணூறு. எட்டாவதோடு நின்ற என் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். மாவு இருநூற்று இருபது, சர்க்கரை நூற்றறுபது, நெய் தொண்ணூறு. அந்த எடைக்குப் பிசைந்ததும் மாவு உருண்டையாகத் திரண்டது. சார் திரும்பி வந்தபோது பிஸ்கட் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்றும் எடுத்தார். என் காகிதத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அது அழகாக அச்சாகி வந்தது. அடியில் 'தயாரித்தவர்' என்று அவர் பெயர். எல்லார் முன்னாலும் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

"அளவு மலைக்காரங்களுது. நிறுத்தது நாங்க. உங்க பேரு எதுக்குங்க அதுல?"

"பயிற்சிய விட்டே நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. இந்தக் காயிதம் எங்களோட வந்துடும்."

மலையிலிருந்து வந்த நாலு பேரும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்கள். முந்தின நாள் சிரித்தவர்களில் ஒருத்தியும் வந்தாள். அவர் பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் குழுவின் பெயரோடு வேறு காகிதம் வந்தது. பயிற்சி முடியும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. சான்றிதழ் கொடுத்த அன்று என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார். நான் மெதுவாகவே நடந்துபோய் வாங்கினேன்.