சென்ற் போத்தலுக்குள் ஒரு வரிசை

இன்று மாலை யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் சவர்க்காரம் வாங்க நின்றேன்.

காலையில் அங்கே சென்ற் என்ற வாசனைத் திரவியம் வாங்கிய பெண்ணொருவர் போத்தலும் கையுமாகக் கோபத்துடன் திரும்பி வந்தார்.

"முதலாளி, காலமை பூசேக்கை தோடம்பழம் மணந்தது. இப்ப சந்தனம் மணக்குது. கலப்படம் தந்து ஏமாத்திப்போட்டியள்!"

"என்ரை கடைப் பேரைக் கெடுக்காதையுங்கோ, தங்கச்சி!"

அதே போத்தலிலிருந்து அவரது மற்றக் கையில் ஒரு துளி விடுமாறு கூறினேன்.

மீண்டும் தோடம்பழம், அதே ஆரஞ்சு மணம்!

இலேசான மணமே முதலில் ஆவியாகும், அடுத்தது பூமணம், பாரமான சந்தனம் இறுதிவரை தங்கும் என்றேன்.

"அப்ப மத்தியானம் மணந்த மல்லிகையும் இதுவோ? பஸ்ஸிலை பக்கத்திலை இருந்தவவின்ரை பூவெண்டெல்லோ நினைச்சன்!"

முதலாளியே முதலில் சிரித்தார்.

படித்து அறிந்திருந்தும், அந்த இரு கைகளின் முன்னால் வியந்து நின்றேன். ஒன்றையொன்று முந்தாமல் அந்த மணங்கள் எத்தனை ஒழுங்காக வெளியேறுகின்றன!

எங்கள் பஸ் நிலையத்தில் இப்படி வரிசையாக ஏற ஏன் முடிவதில்லை? அறிந்தவர்கள் கூறுங்கள்.