தமிழில் பேச ஆள் தேவை

நான் மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் வசிக்கிறேன். துணிக்கடை வேலை போன பிறகு, "பார்சல் கம்பெனிக்கு ஆள் தேவை, தமிழ் நன்றாகப் பேசினால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். மறுநாளே வரச் சொன்னார்கள்.

ஆபீஸ் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. என்னைப் போல் வேலைக்கு வந்த சில பெண்கள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரும் தமிழர்தான். என் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆபீஸ் போனைக் கொடுத்தார்.

"உங்க பேருல வந்த பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி ஐசி நம்பர கேளு. அவங்க பயந்தா நல்லதுலா," என்றார். அடையாள அட்டை எண்ணைக் கேட்கச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் பேசினேன்.

எடுத்தவர் தெலுக் இந்தானில் இருக்கும் ஓர் அம்மா. "நான் ஒன்னும் வாங்கலையே, போலீஸ் வருமா?" என்று கேட்டார். பிறகு அவரே, "தமிழ்ப்பிள்ள நீ பொய்யா சொல்லப் போற? இரு, ஐசி எடுத்துட்டு வாரேன்," என்றார்.

தமிழ் எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் திரும்பி வந்ததும், "பார்சலே இல்லம்மா. யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன். சூப்பர்வைசர் எழுந்து வந்தார்.

"அண்ணே, இந்த வேலை எனக்கு வேணாம். என் போனைக் குடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொடுத்துவிட்டார். நேராகப் போலீஸ் நிலையம் போய்ப் புகார் செய்தேன்.

இப்போதெல்லாம் வேலைக்குக் கூப்பிட்டால், நான் யாரிடம் என்ன பேச வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் மழுப்பலாக வந்தால் நான் போவதில்லை.