காற்றுப் புகாத தோலும் மூச்சு முட்டிய லாரியும்

இன்று காலை மேல்விஷாரம் எட்டும் முன்பே என் லாரி நடுரோட்டில் படுத்துவிட்டது!

ஒரே காலையில் மூன்றாவது தடவை.

(பழைய லாரி வாங்காதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்களே, உடனே சிரிக்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.)

விஷயம் இதுதான். ராணிப்பேட்டை கோடவுனுக்கு மதராஸ் ஏஜென்ட் வந்திருந்தார். ஜும்மா தொழுகை வரைக்கும்தான் இருப்பார், அப்புறம் ரயிலேறிவிடுவார். அதற்குள் யாருடைய தோல் சரக்கு முதலில் அவர் கண்ணில் பட்டுப் பிடித்துப்போகிறதோ, அவருக்கே இந்த சீசன் ஆர்டர்.

எனக்குப் போட்டி ரசாக் பாய். அவரும் ஆம்பூர்தான். நேற்று பொழுது சாயும்போதே மாட்டு வண்டிகளில் தோலை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் அவசரப்படவே இல்லை. லாரி வைத்திருக்கிறேனே!

பள்ளிகொண்டா அருகே முதல் தடவை நின்றது.

டிரைவர் முனுசாமி இறங்கினான். பெட்ரோல் பம்பைக் கழற்றி, ஊதி, மாட்டினான். டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பெட்ரோல் அளவு பார்த்தான். மூடினான். ஹேண்டிலைச் சுற்றினான். கிளம்பிவிட்டது!

"பம்ப்புல குப்பை, மொதலாளி. எடுத்துட்டேன்."

வேலூர் எல்லையில் மறுபடி நின்றது. அதே ஊதல், அதே குச்சி, அதே ஹேண்டில். மறுபடி கிளம்பியது.

ஊருக்குள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"பம்ப்பு பழசு பாய். உள்ள இருக்கற ஜவ்வு தளந்து போச்சு. புதுசு போட்டுட்டேன். டேங்க் நெறைய ஊத்திக்குங்க, பம்ப்புக்குப் பேஜார் இருக்காது."

நிரம்ப ஊற்றிக்கொண்டு தெம்பாகக் கிளம்பினோம். வழியில் ரசாக் பாயின் வண்டிகளை ஹார்ன் அடித்து முந்தினோம் (தேவைக்கு மேலேயே அடித்தேன், ஒப்புக்கொள்கிறேன்).

அடுத்த வளைவில் படுத்துவிட்டது. முன்பைவிடச் சீக்கிரமாக!

பின்னாலிருந்து மாட்டு மணிச் சத்தம். முதல் வண்டியில் ரசாக் பாய்.

"இன்னா பாய், லாரி தூங்குதா?"

"மூச்சு வாங்கிக்குது பாய்."

"நம்மகிட்ட நல்ல கயிறு இருக்குது. மாட்டுல கட்டி இழுத்துக்குனு போவட்டுமா?"

"உங்க மாடு பாவம். நீங்க நடங்க."

வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பு ஆற்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆர்டர் என் கண்ணெதிரே மாட்டு வண்டியில் போகிறது! முனுசாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி பம்ப் பக்கம் போனான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த லாரி டேங்க் குறைந்திருந்தால் அதிக தூரம் ஓடுகிறது. நிரப்பினால் உடனே நின்றுவிடுகிறது. பம்ப் கெட்டிருந்தால் எப்போதும் ஒரே மாதிரிதானே கெட்டிருக்க வேண்டும்? இன்னொன்று, ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் பம்பை மட்டுமா தொட்டோம்?

"முனுசாமி, பம்பைத் தொடாத. டேங்க் மூடிய மட்டும் திற."

"இப்பதான மொதலாளி ரொம்ப ஊத்துனோம்? அதுல இன்னா பாக்கறது?"

"நீ திறய்யா!"

மூடி லேசில் வரவில்லை. மல்லுக்கட்டித் திருகினான்.

உஸ்ஸ்ஸ்!

தண்ணீரில் முழுகி எழுந்தவனைப் போல டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. ஹேண்டிலைச் சுற்றினான். இன்ஜின் பிடித்துக்கொண்டது! பம்பின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

தோலில் இறங்குவதற்கு முன்னால் நான் தலையில் டின் சுமந்து தெருத்தெருவாக எண்ணெய் விற்றவன். டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும். எதிர்மூலையில் இன்னொன்று போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். எண்ணெய் வெளியே போக வேண்டுமானால் காற்று உள்ளே வர வேண்டும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றும் கம்மி, அதனால்தான் சீக்கிரம் மூச்சு முட்டியிருக்கிறது.

லாரி டேங்க் மூடியிலும் காற்றுக்கென்று ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாகப் பெட்ரோல் தெறித்துச் சரக்கில் கறை படுகிறதே என்று, மூடிக்குள் வட்டமாகத் தோல் வெட்டி வைத்து அடைத்த மகான் யார் தெரியுமா?

நானேதான்! அதுவும் போன வாரம்தான். (ஆம்பூர்க்காரன் போயும் போயும் ரப்பரா வைப்பான்? கிடங்கிலேயே உசத்தியான எருமைத் தோல், கொழுப்பு ஏற்றிப் பதப்படுத்தியது!)

குத்தூசியை எடுத்து அந்த வட்டத்தின் நடுவில் ஒரு துளை போட்டேன்.

முனுசாமிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "வண்டி ஆறிப்போனதால ஸ்டார்ட் ஆயிருக்கும், மொதலாளி."

"அப்ப வழியில நிக்கும் இல்ல? ஓட்டு, பாக்கலாம்."

மேல்விஷாரம் போனது. ரசாக் பாயின் வண்டிகள் பின்னால் போயின (ஹார்ன் அடிக்கவில்லை. சரி, ஒரு தடவை அடித்தேன்). ஆற்காடு, பாலாற்றுப் பாலம், ராணிப்பேட்டை. எங்கேயும் நிற்கவே இல்லை!

ஏஜென்ட் சரக்கைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் சட்டையைப் பார்த்தார், வேர்வையும் புழுதியும். கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கே, அந்தத் தோலைக் காட்டுங்க."

மூடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடக்கினார், இழுத்தார், துளையை விரலால் பொத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார்.

"நிஜமாவே காத்து போகாதா?"

"ஒரு லாரியவே நிறுத்தியிருக்குது சார். வேற இன்னா சாட்சி வேணும்?"

"தண்ணி பம்ப்புக்கு வாஷர் வெட்ட இப்படி ஒரு தோலைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இதையும் சேர்த்து அனுப்புங்க."

சீசன் ஆர்டர் எனக்கு! அதற்கு மேல் வாஷர் தோல் ஆர்டரும் எனக்கே!

உங்களில் யாருக்காவது வண்டி இப்படி விட்டு விட்டு நிற்கிறதா? பம்பைத் திட்டும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்றால் எனக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் தோலை ரயிலுக்குக் கட்டிக்கொண்டிருக்கும்போது ரசாக் பாயின் வண்டிகள் வந்து சேர்ந்தன. நானே ஓடிப்போய் வரவேற்றேன்.

"வாங்க பாய்! அந்தக் கயிறு இருக்குதா? கட்டு ஜாஸ்தி, நம்ம கயிறு பத்தல!"