சுடாத கல்

ஆறு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அக்னி நட்சத்திரம். பகல் பதினொன்றரை மணி. அந்த வேளையில் யாராவது கோயிலுக்குப் போவார்களா? நான் போனேன். பெங்களூரிலிருந்து வந்த என் நாத்தனாருக்கு அப்போதுதான் சாமி பார்க்க வேண்டுமாம். மறுத்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

வெளிப் பிராகாரம் முழுக்கக் கருங்கல். நடக்கிறவர்களுக்காக வெள்ளை பெயின்ட் அடித்து ஒரு பட்டை. மொத்த ஜனமும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கியவர், மாலையோடு வந்த புது மாப்பிள்ளை, கைத்தடி ஊன்றிய தாத்தா... எல்லாருக்கும் ஒரே ஓட்டம்தான். பக்தியா? சூடு ஐயா, சூடு!

ஒருவர் மட்டும் ஓடவில்லை.

பட்டையை விட்டு நன்றாக விலகி, வெறும் கல்லில், கைகளைக் கூப்பிக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது — அட, நம்ம ஏகாம்பரம் அண்ணன்! சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. பட்டுத் தறி நெய்கிறவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி பட்டையிலிருந்து எட்டிக் குனிந்து, அவர் கால் வைத்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம், இவருக்குக் கல் சுடாது, அருள் இருக்கிறது என்று.

அவள் தொட்ட இடத்தை நானும் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஈரம். அடுத்த அடியில் இல்லை. அதற்கடுத்த அடியில் மறுபடி ஒன்று. இடது கால் படுகிற இடத்தில் மட்டும்! நான் பார்க்கப் பார்க்க வெயில் அதைக் குடித்துவிட்டது. குளத்தில் கால் கழுவியிருந்தால் இரண்டு பாதமும் அல்லவா பதிய வேண்டும்?

என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒன்று புரியாவிட்டால் சோறு இறங்காது. பட்டையை விட்டு இறங்கி, அந்தத் தடத்தையே பார்த்தபடி அவர் பின்னால் பாதிப் பிராகாரம் போனேன். குனிந்து பார்த்தேன். அது தண்ணீர் நிறத்தில் இல்லை. நாத்தனார் பட்டையில் நின்று காலை மாற்றி மாற்றிக் குதித்தபடி, உனக்கென்ன பைத்தியமா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நேராக ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தறி. காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் இடுப்பளவு குழி. அவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி கஸ்தூரி காபி கொண்டுவந்தாள். கோயிலில் பார்த்ததைச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். முழுக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது.

மூன்று வருஷமாக அவருக்குப் பாத எரிச்சல் இருந்ததாம். படுத்தால் போதும், இரண்டு உள்ளங்காலும் அடுப்பில் வைத்த மாதிரி. ஈரத் துணி சுற்றிப் பார்த்திருக்கிறார், பக்கெட் தண்ணீரில் காலை விட்டுத் தூங்கிப் பார்த்திருக்கிறார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அம்பாளிடம் வேண்டிக்கொண்டார். எரிச்சல் நின்றால், நாற்பத்தெட்டு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வெறும் கல்லில் பதினோரு சுற்று.

"கொஞ்ச நாள்லயே நின்னுபோச்சுமா" என்றார். "சுத்தமா. இப்ப கால்னு ஒண்ணு இருக்குறதே தெரியல. அவ எட்த்துக்கினா."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. இன்னும் ஏழு வெள்ளிதான் பாக்கியாம்.

நான் கிளம்பும்போது கஸ்தூரி என்னை மெல்ல ஓரம் கட்டினாள். அவளுக்கு வேறொரு குழப்பம். தறிக்குழிக்குள் எறும்பு போகிறதாம். எறும்புப் பொடி போட்டாச்சு, மஞ்சள் போட்டாச்சு. "குழியில திங்கிற பண்டம் ஒண்ணும் கெடையாதுக்கா. ஆனா வந்துக்கினே இருக்குது. அவரு ஒக்காந்தா மட்டும் வருது."

அவர் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது...

செல்போன் டார்ச்சைப் போட்டுக் குழிக்குள் குனிந்தேன்.

சுவர் ஓரமாக ஒற்றை வரிசை. அது குழியின் அடிவரை இறங்கி, மிதிக்கட்டையில் ஏறி, அங்கிருந்து அவர் இடது பாதத்துக்கு அடியில் போய் மறைந்துகொண்டிருந்தது. கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. மிதிக்கும்போது வரிசை கலையும். தூக்கும்போது சேர்ந்துகொள்ளும். மேலே அண்ணன், இந்த வருஷம் மாங்காய் ருசியே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். கீழே அந்தக் கால், வேறு யாருடையதோ மாதிரி, தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னமும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கஸ்தூரியும் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை. போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து, அந்தக் காலைக் குழியிலிருந்து எடுக்கவைத்துக் கழுவினாள். பெருவிரலுக்குக் கீழே, முன்பாதத்தில் தடித்த காய்ப்பு. காய்ப்பின் நடுவே வெடிப்பு. வெடிப்புக்குள்ளே... வேண்டாம், காபி குடித்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

மறுநாள் காலை மூன்று பேரும் ஏனாத்தூர் பக்கம் உள்ள ஒரு கிளினிக்குக்குப் போனோம். அண்ணன் வர மறுத்தார். வலியே இல்லாத காலுக்கு என்ன வைத்தியம் என்று சண்டை. இழுத்துக்கொண்டுதான் போனோம். டாக்டர் காய்ப்பைச் சீவி, சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் எலும்புக்கு இறங்கியிருக்கும், அப்புறம் விரலோ பாதமோ என்றார்.

பாதப் பரிசோதனை செய்யும் நர்ஸ் ஒரு சின்னப் பெண். கையில் நைலான் இழை ஒன்று, பிரஷ் முடி மாதிரி. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடும்போது சொல்லுங்கள் என்றாள். முதலில் கையில் தொட்டுக் காட்டினாள். அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார். இருக்காதா? நூற்றுக்கணக்கான பட்டிழையில் ஒன்று அறுந்தால் விரல் நுனியாலேயே கண்டுபிடிக்கிறவர்.

கண்ணை மூடினார். அவள் பாதத்தில் ஆரம்பித்தாள். பெருவிரல். முன்பாதம். நடுப்பாதம். இழை வளைகிற வரை அழுத்தி எடுத்தாள். அடுத்த கால். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

கண்ணைத் திறக்காமலே அண்ணன் கேட்டார்: "எப்பமா ஆரம்பிப்ப?"

அவள் முடித்திருந்தாள்.

கண்ணைத் திறந்தார். அவள் இன்னொரு தடவை, அவர் பார்க்கப் பார்க்க, இழையை வைத்து அழுத்தினாள். இழை வில்லாக வளைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எரிச்சல் நின்னது..."

"கால் சரியாயி நிக்கலைங்க ஐயா. நரம்பு சொல்றத நிறுத்திடுச்சு."

கஸ்தூரி அவர் தோளைப் பிடித்துத் தாங்க, வலது பாதத்தை ஒரு பலகைமேல் வைக்கச் சொன்னாள் நர்ஸ். எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பக்கத்துத் திரை காட்டும். பாதம் முழுக்க நீலம், பச்சை. பெருவிரலுக்குக் கீழே மட்டும் ரத்தச் சிவப்பு. இடது காலில் எங்கே புண்ணோ, வலதில் அச்சு அசல் அதே இடம். வரப்போவதன் படம்!

"மிதிக்கட்டை அழுத்துற எடம்" என்றார் அண்ணன்.

இப்போது என்ன நிலைமை? ஆறு வாரமாகத் தறி நிற்கிறது. கால் முக்காலிமேல். புண் சுருங்கி மிளகு அளவுக்கு வந்திருக்கிறது. விரல் தப்பித்தது. தறிக்குழியில் செருப்பா, சாமி குத்தம் என்று முரண்டு பிடித்தவர், முன்பாதத்தில் அழுத்தம் விழாதபடி மெத்தை வைத்துத் தைத்த ஒரு ஜோடிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார் — அது தெருவை மிதிக்கக் கூடாது, குழிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. பாக்கி வெள்ளிக்கிழமைகளைக் கஸ்தூரி சுற்றுகிறாள், வெள்ளைப் பட்டையில், ஓட்டமாக, புருஷனைத் திட்டிக்கொண்டே. அம்பாள் கணக்கில் அது சேராமலா போகும்?

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

அன்று கிளினிக்கிலிருந்து கிளம்பும் நேரத்தில் நர்ஸ் என்னிடம் திரும்பி, உங்களுக்கும் சர்க்கரை உண்டா என்று கேட்டாள். எட்டு வருஷமாக இருக்கிறது, ஆனால் காலில் ஒரு தொந்தரவும் கிடையாது என்றேன், கெத்தாக.

"அவரும் அதத்தான் சொன்னாரு. ஒக்காருங்கமா."

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். வலது காலில் ஏதோ லேசாகப் பட்டது, சொன்னேன். மறுபடி பட்டது, சொன்னேன். அப்புறம் ஃபேன் சத்தம். கஸ்தூரியின் மூச்சு. ஃபேன் சத்தம்... இடது காலை எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். கேட்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அண்ணன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இருட்டில் பிராகாரம் தெரிந்தது. வெள்ளைப் பட்டையில் குதித்துக்கொண்டு நாத்தனார். வெறும் கல்லில், அந்த ஈரத் தடத்தின் பின்னாலேயே, பாதிச் சுற்று நடந்துபோன நான்.

எனக்கு ஏன் சுடவில்லை?

இப்போதெல்லாம் தினமும் காலையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்குள்ளும் செருப்பு. நாத்தனார் போனில் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். கோயில் கல்லில் கால் வைத்ததும் அலறிக்கொண்டு ஓடினாளே, மகராசி...

கொடுத்துவைத்தவள்.