பாட்டு நின்றால் திருட்டு

கிட்ட வந்து உட்காருங்க. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அந்த மில்லில் சொத்தை பொறுக்குகிற வேலைக்குக் கண்ணும் கையும் மட்டும் போதாது, தொண்டையும் வேணும். மேஸ்திரிக்குப் பயந்து வேலை பார்த்தவங்க உங்களிலும் இருப்பீங்க. பாடிக்கொண்டே பார்த்தீங்களா? நாங்க பார்த்தோம், திண்டிவனத்தில், ஐம்பதுகளின் கடைசியில்.

வாய்க்குக் காவல்

மெஷின் தோல் உடைத்துத் தள்ளுகிற கடலைப் பயிறைச் சுற்றி இருபத்திமூணு பொம்பளைங்க முறத்தோடு உட்கார்ந்திருப்போம். சங்கு ஊதினதிலிருந்து எல்லோரும் பாடணும். பாடுகிற வாய் தின்னாதாம், மேஸ்திரி போட்ட சட்டம்!

ஒருநாள் தும்மல் வந்து எனக்குப் பாட்டில் ஒரு அடி விட்டுப்போச்சு. மேஸ்திரி ஓடி வந்து, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் என் ஜோடிக்காரி குப்பம்மா கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் கடைவாயில் பத்துப் பயிறு! ஒதுக்கி வைத்துக்கொண்டே பாடுகிற வித்தை அவளுக்கு மட்டும்தான் வரும். மேஸ்திரி அவளைக் காட்டி எனக்குப் புத்தி சொன்னார்: "பாரு, இதான் யோக்கியமான பொம்பளை. பாட்டு நின்னா திருட்டுன்னு அர்த்தம், தெரிஞ்சிக்கோ!"

ஒன்பது பேர் நோட்டு

எனக்கு அப்போது அஞ்சு மாசம். வயிறு தெரிந்துவிட்டால் மேஸ்திரி வேலையை நிறுத்திவிடுவார், அப்புறம் சேர்க்கமாட்டார். வீட்டுக்காரரோ மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருந்தார். என் ஒருத்தி கையில்தான் அடுப்பு எரிந்தது.

குப்பம்மாவின் தம்பி விழுப்புரத்தில் ரயில்வே வேலை, சங்கத்து ஆள். ஆஜர் நோட்டில் பேர் இருந்தால் பிள்ளைப்பேறுக்கு லீவு தரணும், வேலையை விட்டு எடுக்கக்கூடாது என்று அவன் சொல்லி அனுப்பினான். ஆனால் எங்கள் நோட்டில் இருந்தது ஒன்பதே பேர். பத்தாவது பேர் ஏறினால் ஃபேக்டரிச் சட்டம் மில்லுக்குள் வந்துவிடுமே! துணிந்து போய்க் கேட்டேன். மேஸ்திரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நோட்டுல எடம் இல்லம்மா. நீ புள்ளைய பெத்துக்கினு வூட்லயே இரு."

கொட்டாயில் பதினாலு பேர்

மேஸ்திரியின் மச்சான் பஸ் கண்டக்டர். ஒரு பகலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்: "மாமா, ஜல்தி! இன்ஸ்பெக்டரு விழுப்புரத்துல ஜீப்புக்கு பெட்ரோல் போட்டுக்கினு இருக்காரு!"

மெஷின் நின்றது. நோட்டில் உள்ள ஒன்பது பேரை வெளியே விட்டு, எங்கள் பதினாலு பேரையும் மல்லாட்டைத் தோல் கொட்டி வைக்கிற கொட்டாயில் தள்ளி, "மூச்சு காட்டாதீங்க" என்று தாழ்ப்பாள் போட்டார் மேஸ்திரி. உள்ளே ஒரே தூசி. கீற்று இடுக்கில் பார்க்கிறேன்: இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டுகிறார். "ஒம்பதே பேருதாங்க ஐயா" என்று மேஸ்திரி இளிக்கிறார். ஐயா பேனாவை மூடிவிட்டார். போச்சு, என் பிழைப்பு போச்சு!

அப்போது எடுத்தாள் பாருங்க குப்பம்மா ஒரு பாட்டு! "மேஸ்திரி மீசை எலிவாலு, மில்லுக்குள்ள அவர் புலிவாலு..." பதிமூணு தொண்டையும் கூடச் சேர்ந்துகொண்டது, என் தொண்டைதான் முதலில்! தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் மேஸ்திரி வேர்த்து நின்றார். "யாருடி ஒங்களை பாடச் சொன்னது?" குப்பம்மா அசரவில்லை. "நீங்கதான் மேஸ்திரி! பாட்டு நின்னா திருட்டுன்னு சொல்லிக்கினே இருப்பீங்களே, நாங்க என்ன திருடிங்களா?"

பத்தாவது பேர்

கொட்டாய் வாசலிலேயே இன்ஸ்பெக்டர் நோட்டை விரித்து எழுதச் சொன்னார். குப்பம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பத்தாவது பேர் அஞ்சலை, நான்தான்! பிள்ளை பெற்று வந்து அதே முறத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கடைசியாக நின்றவள் குப்பம்மா. "பேரு என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். வாய் நிறையப் பயிறோடு பாடினவளுக்குப் பேர் சொல்லவா வராது? விரலைத் தூக்கி 'இருங்க' என்று காட்டினாள். மேஸ்திரி முகத்தைப் பார்த்தபடியே நிதானமாக மென்றாள், முழுங்கினாள், முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். "இப்ப எழுதிக்கோங்க ஐயா, குப்பம்மா."

ஆக, பாடுகிற வாய் தின்னாது என்ற சட்டத்தை, அதைப் போட்டவர் கண்ணெதிரிலேயே மென்று முழுங்கிவிட்டுத்தான் குப்பம்மா சர்க்கார் சட்டத்துக்குள் வந்தாள்.